நாக்கடியில் ஒரு மூச்சு

வாசலில் தம்பியின் பூட்ஸ் காய்ந்துகொண்டிருந்தது.

ரேடியோ அப்படியே நின்றுவிட்டான். அந்த பூட்ஸோடுதான் தம்பியை எல்லைக்கு அப்பால் புதைத்திருந்தான். மூன்று நாளாகிறது. குழி தோண்டியதும் அவன் கைதான்.

லாக்கப்பில் அடி விழும்போதும் பேச்சை நிறுத்தாதவன் என்று அவனுடைய ரவுடிக் கும்பல் வைத்த பெயர் ரேடியோ. அண்ணன், தம்பி உட்பட கத்தி தூக்கிய அத்தனை பேரையும் சிறையிலிருந்து போருக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். தம்பி சாகும்போது, படையின் மந்திரக்காரன் அவனுடைய கடைசி மூச்சை எடுத்து அண்ணனின் நாக்கடியில் வைத்தான்.

"பொண்டாட்டிக்கு ஏதோ சொல்லணும்னு நெனைச்சிருக்கான். அது இதுக்குள்ள இருக்கு. அவ காதுல ஊது. அதுவரைக்கும் வாயைத் திறந்தா போச்சு."

இந்த வேலைக்கு ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லை. மூன்று நாளாக ரேடியோ பட்டினி. அதைவிடக் கொடுமை, ஊமை.

வெயில் கொளுத்தும் அந்த மதியத்தில் வீட்டுக்குள் மட்டும் மழை நனைத்த குழியின் வாசனை அடிக்க, துணி பிழியும் சத்தமும் வாளியில் சொட்டும் சத்தமும் ஒன்றையொன்று துரத்த, ஜன்னலோரம் முக்காலியில் தம்பி உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி அவனுக்குத் தலை துடைத்துக்கொண்டிருந்தாள். வாளித் தண்ணீர் கறுப்பாக இருந்தது.

"வாங்க மாமா! இவரு நேத்தே வந்துட்டாரு. ஒரு வார்த்தை பேசல. எல்லாத்தையும் நீங்களே பேசித் தீத்துட்டீங்களா? எத்தனை தடவ கழுவினாலும் மண்ணு போக மாட்டேங்குது, பாருங்க."

தள்ளிப் போ என்று ரேடியோ கையை ஆட்டினான்.

"என்ன, நீங்களுமா?" சிரித்தாள்.

தம்பியின் மார்பு ஏறவில்லை. இறங்கவுமில்லை.

முகம் துடைக்க அவள் குனிந்தாள். அது வாயைத் திறந்தது. கை அவள் கழுத்தை வளைத்தது. அவள் மூச்சு இழுபட்டது. உதடு நீலம். ரேடியோ பாய்ந்து இழுத்தான். கை அசையவில்லை. கல். மறுபடி இழுத்தான். கல்.

"விடுடா அவளை!"

நாக்கடி காலியானது.

அது அவளை விட்டது. ரேடியோவின் பக்கம் திரும்பி, நிதானமாக உறிஞ்சியது. அந்த மார்பு முதல்முறையாக ஏறியது.

"எனக்காகக் காத்திருக்காத, கண்ணு." தம்பியின் குரலேதான். "நான் வர மாட்டேன்."

அவள் இருமலும் அழுகையுமாய் அதைக் கட்டிக்கொண்டாள். "பேச்சைப் பாரு! அதான் வந்துட்டீங்களே."

ரேடியோ திறந்த வாயோடு நின்றான்.

அவள் தோளுக்கு மேலே அது அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. நகக்கண்ணெல்லாம் மண் அப்பிய கை, அவள் முதுகை மெல்ல, மெல்லத் தட்டிக்கொடுத்தது.