மூன்றாம் முறை கூப்பிட்டால்

ஹார்க்னஸ் துரை கோவேறு கழுதையில் வந்து இறங்கியபோது கரும்பாலை ஓடிக்கொண்டிருந்தது. எட்டு மாடுகள் செக்குமாடு கணக்காகச் சுற்றி வர, நட்டுவைத்த மூன்று இரும்பு உருளைகள் கரும்பை இழுத்து, சாறு பிழிந்து, சக்கையைத் துப்பின. புது துரை எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்தார். உருளைகளுக்குப் பக்கத்துக் கம்பத்தில் தொங்கிய கோடாரியை மட்டும் இரண்டு முறை பார்த்தார்.

"இது எதுக்கு?"

"கரும்பு ஊட்டற பொம்பளைங்க வெரல் மாட்டிக்கிட்டா, மாட்ட நிறுத்தறதுக்குள்ள ஆளே உள்ள போயிடும் தொரை. அதுக்குள்ள கைய வெட்டி ஆள வெளிய எடுக்கணும்." சொன்னவன் கோடாரிக்காரன் குவாக்கோ. "இந்த ஜமைக்காவுலயே சும்மா நின்னு சோறு வாங்கற ஒரே அடிமை நாந்தான்."

துரை சிரித்தார். குவாக்கோவும் சிரித்தான். உருளைக்கு முன்னால் நின்ற பெண்கள் சிரிக்கவில்லை. பத்து நாளைக்கு முன்னால் மிம்பாவின் விரல் மாட்டியபோது இந்தச் சோற்றுமூட்டை நின்ற நிற்பை அவர்கள் பார்த்திருந்தார்கள்.

"குவாக்கோ!" என்று ஒரே முறைதான் அவள் கத்தினாள். அவனுக்குக் கை நடுங்கியது. கூடச் சிரித்துப் பேசுகிறவளை எப்படி வெட்டுவது? நடுங்கி முடித்துக் கோடாரியை இறக்கியபோது அவள் கை தோள்வரை போயிருந்தது. கூரையெல்லாம் ரத்தம். சாறு சிவப்பாக ஓடியது. அதையும் கொப்பரையில் காய்ச்சினார்கள். பொழுது சாய்வதற்குள் மிம்பா செத்துப்போனாள்.

மறுநாளிலிருந்து கூப்பிட ஆரம்பித்தாள்.

மத்தியானச் சங்கு ஊதி, மாடுகளை அவிழ்த்து, எல்லோரும் நிழலுக்கு ஒதுங்கிய பிறகுதான் கூப்பிடுவாள். உருளைகளுக்கு நடுவிலிருந்து. சாறு வெயிலில் புளிக்கும் வாடை வரும். அதற்கு அடியில் இன்னொரு வாடை வரும்.

"குவாக்கோ."

அவ்வளவுதான். அன்றைக்கு அதோடு சரி.

"வாயத் தொறந்துராதய்யா," என்றாள் அவன் பெண்சாதி ஃபீபா. "செத்தவங்க ஒரு தடவ கூப்பிடுவாங்க. மிஞ்சிப்போனா ரெண்டு. மூணாந்தடவ கூப்பிட்டாத்தான் மனுசங்க. அதுக்கு முன்னாடி 'ம்'னு சொன்னியோ, நீ அவகூடப் போனவன்தான்."

"அவ கூப்பிட்டதுலயே பாதி போயிட்டேன்டி. மிச்சப் பாதிதான் உங்கிட்டப் பேசிக்கிட்டிருக்கு."

இதில் இன்னொரு தொல்லை இருந்தது. அங்கே அடிமைகளுக்குப் பிறந்த கிழமைதான் பெயர். புதன்கிழமை பிறந்த ஆண்பிள்ளை குவாக்கோ. தோட்டத்தில் ஐந்து குவாக்கோக்கள். மிம்பா யாரைக் கூப்பிடுகிறாள் என்பது ஐந்து பேருக்கும் தெரியும். ஆனாலும் செத்தவள் ஆள் அடையாளம் பார்த்தா பிடிப்பாள்? ஐந்து பேரும் ஒரே வாரத்தில் செவிடாகிப்போனார்கள். துரையே கூப்பிட்டாலும் மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் திரும்பினார்கள். முதல் கூப்பாட்டுக்கு வராததற்காக ஆளுக்குப் பன்னிரண்டு சாட்டையடி விழுந்தது.

"செத்தவளுக்குப் பயந்து, உசுரோட இருக்கறவன்கிட்ட அடி," என்றான் குவாக்கோ, குப்புறப் படுத்தபடி. "ரெண்டு எசமானுக்கு ஒரே முதுகு. கட்டுப்படியாகல ஃபீபா."

அவள் புண்ணில் பச்சிலையை அழுத்தினாள். "கத்தாம படு. முதுகு போனா வளரும். நீ போனா வளரமாட்ட."

காரணத்தைக் கங்காணி போய் துரையிடம் சொல்லிவிட்டான். துரை மத்தியான நேரமாகப் பார்த்து ரம் வாடையோடு ஆலைக்கு வந்தார்.

"நான் எந்தக் கெழம பொறந்தேன் தெரியுமாடா? புதன்! அப்ப நானும் குவாக்கோதான். கூப்பிடட்டும் உங்க பேய். நான் பேசிக்கிறேன்."

"வேணாம் தொரை." அந்த மனிதர் கிழித்த முதுகு இன்னும் சட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது. இருந்தும் குவாக்கோவால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "வெளயாட்டுக்குக்கூட வேணாம்."

சாட்டையின் கைப்பிடி அவன் வாயில் இறங்கியது. இரண்டு பற்கள் நாக்கில் உருண்டன.

சங்கு ஊதியது. மாடுகள் போயின. பெண்கள் போனார்கள். கங்காணி வாசற்படியைத் தாண்டவில்லை.

ஈக்களின் சத்தம் நின்றது.

அந்த வாடை வந்தது.

"குவாக்கோ."

குவாக்கோ பற்களை ரத்தத்தோடு விழுங்கி வாயை மூடிக்கொண்டான்.

"என்னம்மா?" என்றார் துரை, கங்காணியைப் பார்த்துக் கண்ணடித்து. "இதோ இருக்கேன்."

உருளைக்குப் பின்னால் எவளோ ஒளிந்திருக்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ. ஒரு கையை உருளைமேல் ஊன்றி எட்டிப் பார்த்தார்.

உருளை அசைந்தது.

மாடுகள் வெளியே மரத்தடியில் அசைபோட்டுக்கொண்டிருந்தன. காலி நுகத்தடி தானாகச் சுற்றியது.

விரல்கள் போயின. மணிக்கட்டு போனது. கரும்பு முறியும் அதே சத்தம்.

"குவாக்கோ! வெட்டுடா!"

கோடாரி எப்படிக் கைக்கு வந்தது என்று குவாக்கோவுக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் உடம்பில் ரத்தம் வரவைத்த அடிமைக்குத் தூக்கு. அது நன்றாகத் தெரியும். இந்தத் தடவை கை நடுங்கவில்லை.

"குவாக்கோ!"

முழங்கை போனது. அந்தக் குரலில் பாதிதான் துரையுடையது. மீதி பெண்குரல். கை மாட்டிய பிறகு இது இரண்டாவது கூப்பாடு. கூப்பிடுவது இவரா, அவளா? மூன்றாந்தடவை கூப்பிட்டால் மனிதர். ஓங்கிய கோடாரியோடு குவாக்கோ மூன்றாவது கூப்பாட்டுக்குக் காத்து நின்றான். பெண்சாதி பேச்சைக் கேட்டு நின்றானா, முதுகு பேச்சைக் கேட்டு நின்றானா என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

தோள் போனது. முகம் இரும்பில் அழுந்தியது. இளநீரைச் சீவியது போல ஒரு சத்தம்.

மூன்றாவது கூப்பாடு வரவில்லை.

மறுநாள் நீதிபதி வந்தார். கோடாரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. செத்தவரின் பையில் ரம் புட்டி இருந்தது. குடித்துவிட்டு விழுந்தார் என்று எழுதிக்கொண்டார். மாடில்லாமல் ஆலை எப்படி ஓடியது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் எழுத வேண்டியிருந்திருக்கும்.

அன்று மத்தியானம் உருளைகளுக்கு நடுவிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. ஒரு குவாக்கோ கேட்டாள், ஒரு குவாக்கோ கிடைத்தான். கணக்கு சரியாகிவிட்டது என்று குவாக்கோ நினைத்தான். வெகுநாளைக்குப் பிறகு, பல் போன வாயில் சீழ்க்கை அடிக்கப் பார்த்தபடி அந்தியில் வீட்டுக்கு நடந்தான்.

ஃபீபா அடுப்பின் முன் குனிந்து கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"ரெண்டு பேரும் கை கழுவிட்டு வாங்க," என்றாள்.

குவாக்கோ தனியாகத்தான் வந்திருந்தான்.

அவனுக்குப் பின்னால், வாசலில், தண்ணீர்ப் பானை மெல்லச் சாய்ந்தது. ரம் வாடை வந்தது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நெடுநேரம் கேட்டது. கையோடு கை தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்கவே இல்லை.