பழிப்படிவத்தில் மங்கையின் பெயர்

ஆண்டின் முதல் திங்கட்கிழமை காலையில் வடதுருவ நகரத்தின் எல்லா வீட்டுத் திரைகளிலும் பழிப்படிவம் திறக்கும். சேந்தனும் அவன் மனைவி மங்கையும் இட்லி சாப்பிட்டபடியே அதை முடித்துவிடுவார்கள். நான்கு வருடப் பழக்கம்.

சட்டம் இதுதான்: கனவு கைகூடாதவர், அது யாரால் கெட்டது என்று ஒரு பெயரைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மறுதேர்வு உண்டு. அதற்கான கட்டணம், பழி சுமந்தவரின் சம்பளத்தில் பிடிபடும்.

சேந்தனுக்கு வான்கலம் ஓட்ட ஆசை. எழுத்துத் தேர்வில் அவன்தான் முதல். நேர்காணலில் மூன்று பேர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “வெயிலார் ஓட்டினால் பயணிகள் ஏறமாட்டார்கள்” என்று அனுப்பிவிட்டார்கள். வெப்ப நாடுகள் மூழ்கியபின் வடக்கே வந்த கறுத்த மனிதர்களுக்கு அங்கே அதுதான் பெயர். ஆத்திரத்தோடு அந்த மூவரின் பெயரையும் எழுதினான். திரை ஏற்கவில்லை. ஒரே கூரையின்கீழ் வசிப்பவரைத்தான் குறிப்பிட வேண்டுமாம். கூத்தைப் பாருங்கள்!

அன்று மங்கைதான் சிரித்தாள். “என் பேரைப் போடுங்க. குறட்டை விட்டு உங்க படிப்பைக் கெடுத்தேன்னு எழுதுங்க.”

அதன்பின் வருடாவருடம் இருவருமாகச் சேர்ந்தே காரணம் ஜோடித்தார்கள். ஒவ்வொரு முறையும் அதே மூவர், அதே பதில். விதைக்கிடங்கில் மங்கை வாங்கிய சம்பளம் தேய்ந்தது. அந்தக் குளிரிலும் வீட்டுச் சூடேற்றியை நாளுக்கு ஒரு வேளைதான் போட்டார்கள்.

இந்த வருடம் மங்கை சட்னியோடு வருவதற்குள் சேந்தன் எழுதி முடித்திருந்தான். அவள் உரக்கப் படித்தாள்: ‘என்னைவிடக் கறுத்த இவள் பக்கத்தில் நின்றதால்தான் நானும் வெயிலாராகத் தெரிந்தேன்.’

“அடேயப்பா! இந்தத் தடவை பிரமாதமா ஜோடிச்சிருக்கீங்க.”

“ஜோடிக்கல.” சேந்தன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எழுதியது அவனுக்குப் பொய்யாகத் தோன்றவில்லை.

“அப்போ அந்த மூணு பேரு?”

“அவங்களச் சொல்லி என்ன புண்ணியம்? ரேகையை வை, நேரமாகுது.”

பழி சுமப்பவர் கைரேகை வைத்தால்தான் படிவம் போகும். மங்கையின் கண்கள் கலங்கின.

“பொய்யின்னு தெரிஞ்சுதான் நாலு வருஷமா வெச்சேன். நெசம்னு நெனச்சுக்கிட்டுக் கேக்குறீங்களே, எப்படிங்க வெப்பேன்?”

அவன் அதட்டினான், கெஞ்சினான். அவள் அசையவில்லை. நேரம் முடிந்து திரை அணைந்தது.

“என் பொழப்பையே கெடுத்துட்டியேடி!” என்று சேந்தன் கத்தினான். அவளைப் பழிக்க முதன்முறையாக அவனுக்கு ஓர் உண்மையான காரணம் கிடைத்திருந்தது.