பத்து அடி நடக்கிற அப்பா

அந்தமானில் எங்கே தங்குவது என்று தேடித் தேடியே எழில்மதியின் வீட்டில் எல்லோரும் களைத்துப் போனார்கள். இன்னும் ஊரைவிட்டுக் கிளம்பவே இல்லை.

கள்ளக்குறிச்சியில் அவர்களுக்குப் புளி வியாபாரம். வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கும் புளியை மூன்று மாதமாக ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டி, அம்மா செந்தமிழ்ச்செல்விக்கு விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. அவர் ஓய்வெடுக்கத்தான் இந்தப் பயணம். விமான டிக்கெட் எடுத்தாயிற்று. அடுத்த வாரம் புறப்பாடு. தங்க இடம் மட்டும் இல்லை.

காரணம், அப்பா கொளஞ்சியப்பன்.

சொன்ன விலைக்கு எதையும் வாங்க மாட்டார் அப்பா. சந்தையில் "வேணாம்பா, வேற எடத்துல பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டு நடப்பார். பத்தே அடி. பத்தாவது அடியில் கடைக்காரர், "அண்ணே, வாங்கண்ணே!" என்று கூப்பிடுவார். சந்தையில் இது எல்லோருக்கும் தெரிந்த விளையாட்டு.

தீவுக்காரர்களுக்குத் தெரியவில்லை. கடலோரக் குடில்காரர், "சரிங்க சார்" என்று போனை வைத்துவிட்டார். அப்பா அரைமணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அழைப்பு வரவில்லை. நாமே திரும்பக் கூப்பிடுவது வியாபாரிக்கு அழகில்லையாம். தென்னந்தோப்பு வீடும் இப்படியே போயிற்று. பக்கத்துத் தீவின் மாடி அறையும் போயிற்று.

"இன்னாங்க, எதுவா இருந்தா இன்னா? ஒண்ணைச் சொல்லிடுங்க" என்றார் அம்மா.

"சொன்ன வெலைக்கா? சந்தையில சிரிப்பாங்க!" என்று துண்டை உதறிவிட்டு அப்பா குளிக்கப் போனார்.

அம்மா புளி மூட்டையில் அப்படியே சாய்ந்தார். கையில் பாதி உரித்த புளி.

இத்தனை நாளில் அம்மாவை யாருமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் எழில்மதிக்கு உறைத்தது.

"அம்மா, உனக்கு எப்பிடிப்பட்ட எடம் வேணும்? கடலைப் பாத்தாப்புல இருக்கணுமா?"

"கடலு எங்க போயிடப் போவுது? காலையில நான் எழுந்திருக்கறப்ப வேற யாராவது டீ போட்டு வெச்சிருந்தா போதும். பதினஞ்சு வருஷமா நான்தான் போட்டுக்கினு இருக்கேன்."

அப்பாவின் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் மிச்சம். நீல் தீவில் ஆண்டாள் என்ற தமிழ்ப் பெண் நடத்தும் நாலு அறை வீடு. எழில்மதி அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"அக்கா, கள்ளக்குறிச்சியிலேர்ந்து எழில்மதி பேசறேன். கொஞ்ச நேரத்துல எங்க அப்பா பேசுவாரு. 'வேற எடத்துல பாத்துக்கிறோம்'னு சொல்வாரு. நம்பாதீங்க."

"ஏன், பொய் சொல்வாரா?"

"இல்லக்கா, அது எங்க ஊரு வழக்கம். போனை வெச்சுட்டுப் பத்து எண்ணுங்க. அப்புறம் நீங்களே கூப்புடுங்க."

மறுமுனையில் சிரிப்பு. "வெலையக் கொறைக்க முடியாதே, கண்ணு. சின்ன எடம்."

"கொறைக்க வேணாங்க. கொசுறா ஏதாவது குடுங்க. காலையில எங்க அம்மாவுக்கு ரூமுக்கே ஒரு டீ. பாவம், ரொம்ப ஓஞ்சு போயிட்டாங்க."

ஆண்டாள் கேட்டார், "இஞ்சி போடலாமா?"

அப்பா குளித்துவிட்டு வந்து பேசினார். எழில்மதி சொன்னபடியே நடந்தது. "வெல ஜாஸ்திம்மா. வேற எடத்துல பாத்துக்கிறோம்" என்று வைத்தார்.

எழில்மதி மனசுக்குள் எண்ணினாள். எட்டு, ஒன்பது, பத்து. போன் அடிக்கவில்லை. பன்னிரண்டு. பதினேழில் அடித்தது.

"அண்ணே, சிக்னல் கெடைக்கல. ஏன் அதுக்குள்ள வெச்சுட்டீங்க? வெல அதேதான். ஆனா அண்ணிக்கு தெனமும் காலையில ரூமுக்கே இஞ்சி டீ. அதுக்குக் காசே இல்ல."

அப்பாவின் மீசை மெல்ல மேலேறியது. "இவ்ளோ தூரம் சொல்றீங்க... சரி, வர்றோம்."

போனை வைத்ததும் மகளைப் பார்த்தார். "பாத்தியா? கடலுக்கு அந்தாண்ட இருந்தாலும் கூப்ட்டாங்க பாரு!"

"ஆமாம்பா" என்றாள் எழில்மதி, ஒன்றும் தெரியாதவள்போல.

அம்மா கையிலிருந்த புளியைக் கூடையில் போட்டார். பாயை விரித்தார். மணி காலை பதினொன்று.

"இன்னாது, இப்பவே படுத்துட்ட?" என்றார் அப்பா.

"அங்க போயி எப்பிடித் தூங்கறதுன்னு பழகிக்கினு இருக்கேன்" என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

மீதிப் புளியை அப்பாவும் மகளும் சத்தமில்லாமல் உரித்தார்கள். நாலாவது புளியிலேயே அப்பாவுக்கு விரல் வலித்தது. வெளியே சொல்லவில்லை.