இருமல் நின்ற வீடு

காலையிலிருந்து வீட்டில் இருமல் சத்தமே இல்லை.

அவள் சமையலறைக் குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கணவனின் நுரையீரலில் கட்டி என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அந்த இருமலைக் கேட்டபடியேதான் தூங்கினாள், எழுந்தாள், பாத்திரம் துலக்கினாள். நின்றதற்குச் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் ஈரக்கையைத் துடைக்காமலே படுக்கையறைக்கு விரைந்தாள்.

அங்கே அவன் திரைச்சீலையை விலக்கிவிட்டு வெயிலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சாப்பாடு தொடாமல் ஆறிக்கிடந்தது.

"சாப்பிடலையா?"

"பசிக்கலைம்மா. வெயிலே போதும்போல இருக்கு."

மருந்து நெடி, பினாயில் நெடி எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு, வற்றும் குளத்தின் பச்சை வாடை அவன் மூச்சிலிருந்து வந்தது. அது அவள் அக்காவின் வெள்ளைக் கோட்டில் எப்போதும் ஒட்டியிருக்கும் வாடை. ஆய்வுக்கூடத்தில் நீலப்பச்சைப் பாசி வளர்ப்பவள் அக்கா. அந்தப் பாசியின் சாறு பட்டுப் புற்றுநோய்ச் செல்கள் கண்ணாடித் தட்டில் சுருங்கிச் செத்ததைக் குதிக்காத குறையாக வந்து சொன்னவள். "மனுஷங்களுக்குக் கொடுக்க இன்னும் எவ்வளவோ சோதனை பாக்கி இருக்குடி" என்றும் அவளேதான் சொன்னாள். இப்போதோ தினமும் சூப் என்று ஒரு பிளாஸ்க்கோடு வருகிறாள். கதவைச் சாத்திக்கொண்டு கொடுக்கிறாள். பிளாஸ்க்கைத் தானே கழுவி எடுத்துப்போகிறாள்.

அன்று மதியம் அக்காவை வாசலிலேயே மறித்துப் பிளாஸ்க்கைப் பிடுங்கித் திறந்தாள். அடர்பச்சைக் கூழ். யாரும் அசைக்காமலே அது அசைந்தது.

"என் புருஷன் உனக்குச் சோதனை எலியாக்கா?"

அக்கா மிரளவில்லை. "கட்டி பாதியாயிடுச்சுன்னு டாக்டரே சொன்னாரே!"

"இது என்ன? சாறா?"

"சாறு கொடுத்துப் பாத்தேன். கேக்கலை." அக்காவின் குரல் தாழ்ந்தது. "இது உயிரோட இருக்கு. உள்ள போய் அதுவே வேலை பாத்துக்குது."

மாடியில் தொப்பென்று ஒரு சத்தம்.

படுக்கை காலி. மாடிக் கதவு திறந்திருந்தது. ஓடினாள்.

தண்ணீர்த் தொட்டியின் மூடி கழன்று கிடந்தது. உச்சி வெயில் நேராக உள்ளே இறங்கியது.

அவன் தண்ணீருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். கண் திறந்து. வாய் திறந்து. மார்பு ஏறவில்லை. இறங்கவில்லை.

"ஐயோ!" கையைத் தண்ணீருக்குள் விட்டு அவனை இழுத்தாள். அவன் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று. சிரித்தான். ஈறெல்லாம் பச்சை.

தோல் முழுக்க மணிமணியாகக் குமிழிகள். கழன்றன. மேலே வந்து வெடித்தன. அவள் முகத்தில் புதுக் காற்று பட்டது.

இன்னும் குனிந்தாள். அவள் நிழல் அவன்மேல் விழுந்தது.

குமிழிகள் நின்றன. சிரிப்பும் நின்றது. அந்தக் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் மறைந்துபோன வெயிலைத் தேடின.

அவள் மணிக்கட்டில் அவன் பிடி இறுகியது.

கீழே இழுத்தது.