ஏழு பச்சைக் கட்டங்கள்

காலை 9.10. கணினித்துறை விரிவுரையாளரான அவள் ஆய்வுக்கூடத்தின் இரும்பு அலமாரியைத் திறந்தாள். இரண்டாம் தட்டில் ஹார்டு டிஸ்க் இல்லை. அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சியின் மூலப் பதிவுகள் முழுவதும் அதில்தான் இருந்தன. பிரதி எடுக்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே நாளைக் கடத்தியிருந்தாள்.

அலமாரிக்கு இரண்டே சாவிகள். ஒன்று அவளிடம், மற்றொன்று ஆய்வுக்கூட டெக்னீஷியனிடம். பூட்டு உடைபடவில்லை. நேற்று மாலை ஐந்தரைக்கு டெக்னீஷியன் அலமாரியைத் திறந்ததாகப் பதிவேட்டில் அவர் கையெழுத்தே இருந்தது.

கோபத்தில் அவளுக்குக் கண்மண் தெரியவில்லை. பத்து மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அங்கிருந்த டெக்னீஷியனிடம் "பையைத் திறங்க" என்றாள்.

"மேடம், நான் கேபிள் எடுக்கத்தான்..."

"திறங்கன்னேன்!"

அவர் திறந்தார். சாப்பாட்டு டப்பா, குடை. அடியில் பெரியவர்கள் அணியும் டயாப்பர் பொட்டலம் ஒன்று. படுத்த படுக்கையாக இருக்கும் அவருடைய அப்பாவுக்கு வாங்கியது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டெக்னீஷியன் எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்தார்.

9.45. கல்லூரியின் பாதுகாப்பு அதிகாரி வந்து சேர்ந்தார். போலீசில் முப்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் எஸ்.ஐ.யம்மா.

"மேல்தட்டுல ரெண்டு புது லேப்டாப் இருக்கே. திருடன் ஏன் அதைத் தொடலை?"

அவள் அப்போதுதான் மேல்தட்டை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த டிஸ்க்கை யாராவது கேட்டாங்களா?"

"வெளியூர்ப் பேராசிரியர் ஒருத்தர் கேட்டார். என் கட்டுரையைப் பரிசீலிக்கிறவர். மூலப் பதிவை இன்னைக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்."

"அது யாருக்குத் தெரியும்?"

"யார்கிட்டயும் சொல்லலை. முந்தாநாள் வீட்ல சாப்பிடும்போது தங்கச்சிகிட்ட சொன்னேன், அவ்வளவுதான்."

அந்தத் தங்கை அவர்கள் அருகிலேயே நின்றிருந்தாள். வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தவளை அக்காதான் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்த்திருந்தாள். ஆராய்ச்சி அமர்வுகளை மேற்பார்வையிட்டதும் பதிவுகளை அட்டவணையாக்கியதும் தங்கைதான்.

"உங்க சாவி நேத்து எங்க இருந்துச்சு?"

"என் கைப்பையில. வீட்லதான்."

10.20. எஸ்.ஐ.யம்மா மேசைமேல் கிடந்த அட்டவணையை இழுத்துக்கொண்டார். "இந்த ஆராய்ச்சி என்னன்னு எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

அவள் சொன்னாள். வழக்கமாகக் கணினி நிரலை எழுதி முடித்த பிறகுதான் அதைச் சோதிப்பார்கள். இந்த முறையில் சோதனையை முதலில் எழுதி ஓட்ட வேண்டும். அதற்குப் பிறகே நிரல். இப்படிச் செய்தால் பிழைகள் குறையும் என்பது அவள் கட்டுரையின் முடிவு. இந்த அட்டவணையில் இருப்பவர்கள் போன வருடம் அப்படி எழுதிய பத்துப் பேர்.

"இந்தப் பச்சை, சிவப்பு?"

"சோதனை ஜெயிச்சா பச்சை. தோத்தா சிவப்பு."

"நிரலே எழுதலை, ஆனா சோதனையை ஓட்டுறோம். என்ன நிறம் வரும்?"

"சிவப்புதான். இல்லாத ஒண்ணு எப்படி ஜெயிக்கும்?"

எஸ்.ஐ.யம்மா அட்டவணையைத் திருப்பி அவள்முன் தள்ளினார். "அப்போ முதல் கட்டத்துல எப்படிப் பச்சை வந்துச்சு? பத்துல ஏழு பேருக்கு?"

அவள் குனிந்து முதல் வரியைப் படித்தாள். சோதனை, 10.05, பச்சை. நிரல், 10.40. அடுத்த வரியும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"ஏழு பேரும் நிரலை முதல்ல எழுதிட்டாங்க. அப்புறமாத்தான் சோதனை எழுதினாங்க. யாரோ நேரத்தை மட்டும் மாத்திப் போட்டிருக்காங்க, நிறத்தை மாத்த மறந்துட்டாங்க. டிஸ்க்குல நிஜ நேரம் இருக்கும், அது வெளிய போனா இது அம்பலமாகும். டெக்னீஷியனுக்கு இந்த அட்டவணையோட சம்பந்தமே இல்லை. டிஸ்க்கைப் பேராசிரியர் கேட்டதும் அவருக்குத் தெரியாது. இது ரெண்டும் தெரிஞ்சவ, சாவி இருந்த வீட்லயே இருக்கிறவ ஒருத்திதான்." எஸ்.ஐ.யம்மா தங்கையின் பக்கம் திரும்பினார். "நீயே எடுத்துக் குடுத்துடும்மா."

தங்கை தன் பையிலிருந்து டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தாள்.

"சொல்லச் சொல்லக் கேக்காம அவங்க இஷ்டத்துக்கு எழுதிட்டாங்கக்கா. நான் சரியாக் கவனிக்கலை. ரெண்டு தடவை உங்கிட்ட சொல்ல வந்தேன். 'நல்லா வந்திருக்கில்ல, அது போதும்'னு அனுப்பிட்டே."

அவள் அப்படிச் சொன்னது உண்மைதான். அட்டவணையை நாற்பது தடவையாவது புரட்டியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் கண் நேராகக் கடைசி வரியின் சராசரிக்குத்தான் போனது. முடிவு தனக்குச் சாதகம் என்றதும் மேலே பார்க்கத் தோன்றவே இல்லை.

11.30. வெளியூர்ப் பேராசிரியருக்கு நான்கு வரியில் கடிதம் எழுதினாள்: அட்டவணையில் நேரங்கள் மாற்றப்பட்டுள்ளன, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், கவனிக்காதது என் தவறு. தங்கையைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

பிறகு டெக்னீஷியனின் அறைக்குப் போனாள். அவர் ஒரு பிளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னை மன்னிச்சிடுங்க. பெரிய தப்புப் பண்ணிட்டேன்."

அவர் நிமிரவில்லை. ஒரு திருகாணியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பையைத் திறக்கச் சொன்னப்போ பத்துப் பேர் இருந்தாங்க மேடம்."

அவள் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிப் போய்க் கதவைத் திறந்தாள். பத்துத் தலைகளும் நிமிர்ந்தன.

"எல்லாரும் எந்திரிச்சு என்கூட டெக்னீஷியன் ரூமுக்கு வாங்க" என்றாள்.