முகமில்லாத வம்சம்

இப்போதெல்லாம் குற்றவாளி யார் என்று தாங்களே முடிவு கட்டிவிட்டுத்தான் துப்புத் துலக்க ஆள் தேடுகிறார்கள். விசாரணை வேண்டாமாம், தலையாட்டினால் போதுமாம். ஏட்டையாவுக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். போலீஸ் வேலையை விட்டு வந்த பிறகும் ஊரில் அவருக்கு ஏட்டையா என்றுதான் பெயர். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. யார் எதைச் சொன்னாலும் நம்புகிற வழக்கமும் கிடையாது.

அன்று காலை வந்து நின்ற பெரிய வீட்டு மேனேஜரும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

"மாடி ஹால்ல இருந்த அஞ்சு படத்திலயும் முகத்தை வெட்டி எடுத்துட்டான், ஏட்டையா. ராத்திரி நடந்திருக்கு. குத்தகைக்காரன் ஒருத்தன், ஊர்ல முரடன்னு பேரு, அவன்தான். அவன் அரிவாள் அங்கேயே கிடக்கு. யாராவது வந்து பார்த்துச் சொல்லணும்னு எங்க பெரியம்மா அடம் பிடிக்கிறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவனை நிலத்தை விட்டுக் கிளப்பிடலாம்."

"முடிவு பண்ணியாச்சு. அப்புறம் நான் எதுக்கு, கைதட்டவா?"

அதற்குள் ஏட்டையாவின் மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். தையல் கடை வைத்திருப்பவர். வழக்கு என்றால் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவார். "கிளம்பலாமா அத்தான்?"

பெரிய வீட்டு ஹாலில் துணியில் தீட்டிய படங்கள் வரிசையாக, கோணாமல் தொங்கின. மாடிப்படியை ஒட்டியிருந்தது முதல் தலைமுறை: வெறுங்காலோடு, தோளில் மண்வெட்டி, முள்காட்டை வெட்டி வயலாக்கியவர். அடுத்தவர் குதிரை மேல். பக்கத்து நிலங்களை மிரட்டிச் சேர்த்தவர். மூன்றாமவர் பட்டு அங்கியில்; இந்த வீட்டைக் கட்டியவர். நான்காமவர் வெல்வெட் நாற்காலியில் சாய்ந்திருந்தார். பந்தயக் குதிரைகளுக்குப் பாதி நிலத்தைத் தின்னக் கொடுத்தவர். கோடியில் இருந்தது அவருடைய கடைசிப் பிள்ளை. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வாலிபத்திலேயே வீட்டை விட்டுப் போனவர், திரும்பவில்லை. ஐந்து பேருக்கும் கழுத்துக்கு மேல் ஓட்டை.

வம்சத்தில் மிச்சம் அந்தக் கடைசிப் பிள்ளையின் அக்கா, ஊரே பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், ஒருவர்தான். கல்யாணம் ஆகாதவர், கண் அநேகமாகப் போய்விட்டது. தனக்குப் பிறகு நிலம் உழுகிறவர்களுக்கே என்று வாக்குக் கொடுத்திருந்தார். போன வாரம், 'உங்கள் தம்பி மகன் கிடைத்துவிட்டான்' என்று மேனேஜர் சேதி கொண்டுவந்தார். வாக்கு ஆட்டம் கண்டது. குத்தகைக்கார முரடன் வாசலில் வந்து கத்திவிட்டுப் போனது அதற்குத்தான்.

அந்தத் தம்பி மகன் இன்று காலைதான் வந்து இறங்கியிருந்தான். பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, அத்தை" என்று உருகினான். மடியில், அவன் அப்பாவுடையது என்று ஒரு போட்டோ.

ஏட்டையா ஒவ்வொரு படத்தையும் தூக்கிப் பின்னால் சுவரைப் பார்த்தார். சுண்ணாம்பில் ஒரு கீறல் இல்லை. மச்சான் வெட்டு விளிம்புகளை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"கோடியில இருக்கிறது வெண்ணெய் மாதிரி வெட்டியிருக்கு, அத்தான். மாடிப்படிப் பக்கம் வர வர நார் நாராப் பிய்ஞ்சிருக்கு."

"அரிவாளைப் பாரு."

"பல்லு வச்ச அரிவாள். இதால அப்படி வழவழன்னு வெட்டவே முடியாது."

வாசலில் நிறுத்தி வைத்திருந்த முரடனை ஏட்டையா கூப்பிட்டார். "உன்னோடதா?"

"என்னோடதுதான். வரப்புல புல் அறுத்தேன்னு போன வாரம் இந்த மேனேஜர் பிடுங்கினது."

"பொய்!" என்றார் மேனேஜர்.

"பொய்யில்ல," என்றார் பெரியம்மா. "திருப்பிக் கொடுன்னு நான்தானே உன்கிட்ட சொன்னேன்? கொடுக்கலையா?"

ஏட்டையா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கோபக்காரன் சுவரில தொங்கும்போதே கிழிப்பான். சுவர்ல கீறல் விழும். இவன் இறக்கி வச்சு, வெட்டி, மறுபடி நேரா மாட்டியிருக்கான். இந்த ஹால்ல உரிமையோட புழங்குறவன். வெட்டினது அரிவாள் இல்ல, பிளேடு. புது பிளேடு முதல் வெட்டுல கூரா இருக்கும், அப்புறம் மழுங்கும். அப்போ முதல்ல வெட்டினது எது?"

"கோடியில இருக்கிற தம்பி படம்!" மச்சான் துள்ளினார்.

"மாடிப்படி ஏறினதும் கண் முன்னால நிக்கிற பெரியவரை விட்டுட்டு, கோடி வரைக்கும் எதுக்குப் போகணும்? அந்த ஒரு முகம்தான் வேணும். மத்த நாலும் அதை மறைக்க வெட்டினது. அம்மாவுக்குக் கண் தெரியாது. தம்பியைப் பார்த்தவங்க எல்லாம் போய்ச் சேர்ந்தாச்சு. இந்தப் போட்டோவில இருக்கிறவன் வேற ஆளுன்னு சொல்ல அந்தப் படம் ஒண்ணுதான் இருந்துச்சு. நிஜமான பிள்ளைன்னா அதைப் பொத்திப் பொத்தி வச்சிருக்கணும். வெட்டவா செய்வாங்க? அரிவாள் யார் கையில இருந்துச்சோ, பிளேடும் அந்தக் கையிலதான்."

"சும்மா ஊகம்!" மேனேஜர் கத்தினார். வந்தவன் அவ்வளவு கெட்டிக்காரனில்லை. "யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்று உளறிவிட்டான்.

பெரியம்மாவின் முகம் அவன் பக்கம் திரும்பியது.

"அத்தை, நான்..."

"இன்னொரு தடவை அத்தைன்னு சொல்லு, செருப்பு பேசும்." பெரியம்மா கையை உதறிக்கொண்டு எழுந்தார். மேனேஜர் பக்கம் திரும்பினார். "ரத்தம்னதும் மயங்கிட்டேன். அது என் புத்தி கெட்ட நேரம். ரெண்டு பேரும் வெளியே போங்க."

"வம்சம் அழிஞ்சு போகும்மா!"

"போகட்டும். இத்தனை பேர் படத்தை மாட்டினாங்களே, ஒரு பொம்பளை படம் இந்தச் சுவர்ல உண்டா? கடைசி வரைக்கும் காத்து நின்னது நான். முடிச்சு வைக்கிற உரிமையும் எனக்குத்தான். ஒரு பய அழக் கூடாது. முரடா, படத்தையெல்லாம் இறக்கு. சுவருக்கு வெள்ளையடிக்கச் சொல்லு. வக்கீலை நாளைக்கே வரச் சொல்லு. நிலம் உழுகிற உங்களுக்குத்தான்."

எல்லாம் முடிந்து மத்தியானம் ஏட்டையாவும் மச்சானும் வயல் வழியாக நடந்தார்கள்.

"அம்மா சிங்கம்தான், அத்தான்! இனி இந்த ஊருக்கு நல்ல காலம்."

"ம்."

முன்னால் முரடனின் குரல் கேட்டது. பக்கத்து வயல்காரர் ஒருவரை மறித்து நின்றுகொண்டிருந்தான். "ஏய், இந்த வரப்புல நடக்கிற வேலையெல்லாம் இனி வச்சுக்காதே. சுத்திப் போ. இது யார் நிலம்னு தெரியும்ல?"

மச்சானின் சிரிப்பு பாதியில் நின்றது. "புது சந்தோஷம், அத்தான். போகப் போகச் சரியாயிடும்."

"ஆகும், ஆகும்," என்றார் ஏட்டையா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். அதே வரப்பில் ஏறி, முரடனைத் தோளால் ஒதுக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடுவாக நடந்து போனார்.