வெள்ளிப் பைகளில் தைத்த பனியன்

காது கேட்கும் கருவியைப் பிரித்ததும், பழக்கப்படி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். அவள் தொழிலில், கண்ணுக்குத் தெரியாத பழுதை மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். லேசாக, இனிப்பு கலந்த கருகல் வாடை. நேற்று வந்த பொம்மைக் காரிலும் இதே வாடைதான். அதற்கு முன்பு வந்த கைக்கடிகாரத்திலும்.

தெருவில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர். வைத்தது வேறு யாருமில்லை, கட்டினவர்தான். வீட்டின் முன்னறைதான் ரிப்பேர் கடை. ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான அவர் பின்னறையில் டிவியே கதியென்று கிடப்பார். மேட்டிலிருக்கும் ராணுவ முகாமில் ஏதோ ஆயுதத்தைச் சோதிக்கிறார்கள், கண்ணுக்குத் தெரியாத அலையைப் பாய்ச்சி மின்சாதனங்களைச் சாகடிக்கிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. அதெல்லாம் கட்டுக்கதை, வோல்ட்டேஜ் கூடுதலாக வந்திருக்கும் என்று டாக்டரம்மா சிரித்துத் தள்ளினாள். அவளே சிரித்தபிறகு ஊர் சிரிக்கக் கேட்பானேன்!

அவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தது. அது தட்டிக்கொடுக்காவிட்டால் அந்த இதயத்துக்குத் தானாகத் துடிக்கத் தெரியாது. அலையைத் தடுக்குமென்று, அவளுக்கு உதிரிபாகங்கள் வரும் வெள்ளி நிறப் பைகளைப் பொறுக்கிச் சேர்த்து, கோணல்மாணலாகத் தைத்து, பனியனாக்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு திரிந்தார். நடந்தால் சரசரக்கும், தூக்கத்தில் புரண்டாலும் சரசரக்கும். அந்தச் சத்தத்தை வைத்தே அவர் வீட்டில் எங்கே இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். பார்த்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவளுக்கு மானம் போயிற்று.

இன்று மதியம் சொல்லியேவிட்டாள்.

"கழட்டிப் போடுங்க. உடம்பெல்லாம் வேர்க்குரு. எனக்காகவாவது கழட்டுங்க."

அவர் அவளையே பார்த்தார். "நீ நல்லாப் பாத்துட்டுதானே சொல்றே, டாக்டரம்மா?"

"பாத்துட்டேன். வெறும் வோல்ட்டேஜ்தான்."

இப்போது பொழுது சாய்கிற நேரம். பின்னறை டிவியில் யாரோ அந்த ஆயுதத்தைப் பற்றித்தான் கிண்டலடித்துக்கொண்டிருந்தார்கள். அலை அலையாய்ச் சிரிப்பு வந்தது. உள்ளங்கையில் கிடந்த காதுக் கருவியை அவள் புரட்டிப் பார்த்தாள். பட்டாணியளவு பேட்டரியில் ஓடுவது. எந்தக் காலத்திலும் பிளக்கில் செருகாதது. பொம்மைக் காருக்கும் பேட்டரிதான், கைக்கடிகாரத்துக்கும் பேட்டரிதான். வேலை மும்முரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

வோல்ட்டேஜ் எந்த வழியாக வந்திருக்கும்?



மேஜையில் மீட்டரின் எண்கள் தாமாகவே ஓடின. அணைந்தன. பக்கத்திலிருந்த போன் ஒருமுறை வெளிறி இருண்டது. நடைவழி விளக்கு சிமிட்டியது. அதுவும் போயிற்று. ஒவ்வொன்றாக. உள்பக்கமாக.

டிவியின் சிரிப்பு பாதியில் நின்றது.

சரசரப்பு கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னங்க."



சுவரைத் தடவிக்கொண்டு ஓடினாள். ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஒரு கை நெஞ்சின்மேல். மடியில் அந்தப் பனியன், அவள் சொன்னபடியே கழற்றி, ஒழுங்காக மடித்து வைத்திருந்தது.  

உலுக்கினாள். கன்னத்தைத் தட்டினாள். நெஞ்சை அழுத்தினாள், கை ஓயுமட்டும் அழுத்தினாள். பிறகு அந்தப் பனியனை எடுத்து அவருக்குப் போட்டுவிடத் தொடங்கினாள். அவர் கை உள்ளே போக மறுத்தது. மெதுவாக, குழந்தைக்குப் போடுவதுபோல் போட்டாள்.

"நான் சரியாப் பாக்கலைங்க. பாக்கவே இல்லை."

வாசலில் பக்கத்து வீட்டுக்காரியின் குரல். "அக்கா, எங்க வீட்ல எல்லாம் ஒண்ணாப் போயிடுச்சு. வோல்ட்டேஜ்தானே?"

 பனியனுக்கு மேல் சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட அவர் நெஞ்சருகே குனிந்தாள். மூக்கு அதன் பழக்கப்படி முகர்ந்தது.

லேசாக. இனிப்பு கலந்து.